கொடுக்காமலே கைமாறிய பாறை: 'சீடு' என்ற ஆங்கிலச் சொல்லும் ஜொகூர் கற்ற பாடமும்

ஆங்கிலத்தில் 'சீடு' என்று ஒரு வினைச்சொல் உண்டு. சி, இ, டி, இ என்ற நான்கே எழுத்துகள். விதையைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் ஒலி ஒன்றுதான், எழுத்துதான் வேறு. பள்ளிப் பாடத்தில் இச்சொல் அதிகம் வருவதில்லை. சந்தையிலும் பேருந்திலும் யாரும் இதைப் பேசுவதில்லை. ஒப்பந்தங்களிலும் அரசாங்கக் கடிதங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும்தான் இது குடியிருக்கிறது. ஆனால், அங்கே இது வந்து அமர்ந்துவிட்டால் ஒரு தீவே கைமாறும். ஒரு மாவட்டமே வேறு கொடியின் கீழ்ப் போகும்.

இச்சொல்லின் பொருளை அறிய அகராதி போதும். இதன் கனத்தை அறிய வேண்டுமானால் ஜொகூரின் கிழக்குக் கடல் வரை போய்வர வேண்டும். அங்கே பத்து பூத்தே என்ற சிறிய பாறைத்தீவு இருக்கிறது. 1953ஆம் ஆண்டில் அத்தீவைப் பற்றி ஜொகூருக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் இந்தச் சொல் இருந்தது. ஜொகூர் எழுதிய பதிலில் இந்தச் சொல் இல்லை. 55 ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் 16 நீதிபதிகள் அந்தப் பதிலை வரிவரியாக ஆராய்ந்தார்கள்.

சொல்லின் வேர்

'சீடு' லத்தீன் மொழியில் பிறந்த சொல். போதல், விலகுதல், இடம் விடுதல் என்பவை அதன் மூலப் பொருள்கள். பிரெஞ்சு மொழி வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இதன் உறவுக்காரச் சொற்கள் பல, நாள்தோறும் காதில் விழுபவை. வெள்ளம் வடிந்து பின்வாங்குவது 'ரிசீடு'. ஒன்றுக்கு முன்னால் செல்வது 'பிரிசீடு'. தோல்வியை ஒப்புக்கொள்வது 'கன்சீடு'. காற்பந்து வர்ணனையில் ஓர் அணி கோல் வாங்கியதைச் சொல்லவும் இதையே பயன்படுத்துகிறார்கள். ஒரு நாட்டிலிருந்து ஒரு பகுதி பிரிந்து போவது 'செசீடு'. ஒப்பந்தத்தில் இணைவதும் அரியணை ஏறுவதும் 'அக்சீடு'. எல்லாவற்றிலும் 'போதல்' என்ற பழைய வேர் இருப்பதைக் காணலாம். ஒருவர் விலகுகிறார், மற்றவர் அந்த இடத்துக்கு வருகிறார்.

இன்றைய வழக்கில் 'சீடு' என்றால், தனக்கு உரிய நிலத்தையோ அதிகாரத்தையோ உரிமையையோ இன்னொருவரிடம் முறைப்படி விட்டுக்கொடுப்பது. இதில் மூன்று கூறுகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, கொடுப்பவருக்கு அது சொந்தமாக இருக்க வேண்டும். தன்னிடம் இல்லாததை யாரும் சீடு செய்ய முடியாது. இரண்டாவது, பெறுபவர் ஒருவர் இருக்க வேண்டும். மூன்றாவது, 'கொடுக்கிறேன்' என்ற எண்ணம் ஏதேனும் ஒரு வகையில் வெளிப்பட வேண்டும். பெரும்பாலும் அது எழுத்தில் இருக்கும்.

தமிழில் இதற்கு மிக நெருக்கமான சொல் 'தாரைவார்த்தல்'. அந்தக் காலத்தில் நிலத்தையோ பொருளையோ தானம் கொடுப்பவர், பெறுபவரின் கையில் நீரை வார்த்துக் கொடுப்பார். நீர் விழுந்த பிறகு பேச்சு மாறக் கூடாது. திருமணத்தில் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பதும் இந்த மரபுதான். இன்று மேடைப் பேச்சில் 'தாரைவார்த்துவிட்டார்கள்' என்று குற்றம் சாட்டும் தொனியில் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல்லில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. அது உரிமை போனதை மட்டும் சொல்லும். சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்லாது. மலாயில் 'செராக்கான்' என்ற சொல் இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

யார், எதை, யாருக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் வாக்கியத்தில் பதில் இருந்தால் 'சீடு' சரியாக அமர்ந்துவிட்டது என்று பொருள். அரசர் தீவைக் கம்பெனிக்கு சீடு செய்தார். நிறுவனர் தம் அதிகாரத்தை இயக்குநர் வாரியத்துக்கு சீடு செய்தார். வாகன ஓட்டத்தில் அடுத்தவருக்கு வழிவிடுவதற்கு ஆங்கிலேயர் வேறு சொல்லைப் பயன்படுத்துவர். பிறந்தநாளுக்குப் பேனா கொடுப்பதற்கும் இச்சொல் ஆகாது. இதன் பெயர்ச்சொல் வடிவம் 'செஷன்'. கூட்டத் தொடரைக் குறிக்கும் 'செஷன்' என்ற சொல்லோடு ஒலி ஒன்றாக இருப்பதால், அவசரத்தில் எழுத்தை மாற்றி எழுதுவோர் உண்டு.

இன்னொரு குழப்பம் 'சீடு', 'செசீடு' இரண்டுக்கும் இடையில் வரும். முன்னது உரிமையாளர் கொடுப்பது. பின்னது பகுதி தானாகப் பிரிந்து போவது. ஒன்றில் கொடுப்பவர் வினை செய்கிறார். மற்றதில் போகிறவர் வினை செய்கிறார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு, 'சீடு' என்பதற்கும் 'லீஸ்' எனப்படும் குத்தகைக்கும் இடையில் உள்ளது. குத்தகையில் பொருள் கைமாறும், உரிமை கைமாறாது. காலம் முடிந்ததும் திரும்ப வரும். சீடு செய்ததில் உரிமையே போய்விடும். ஹாங்காங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹாங்காங் தீவைச் சீனா 1842இல் பிரிட்டனுக்கு சீடு செய்தது. கவ்லூன் பகுதி 1860இல் அதேபோல் போனது. ஆனால், புதிய பிரதேசங்கள் எனப்படும் பெரும்பகுதி 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டது. அந்தக் குத்தகை 1997இல் முடியவிருந்த காரணத்தால்தான் இரு நாடுகளும் பேச்சுக்கு உட்கார்ந்தன. முடிவில் நகரம் முழுவதும் சீனாவிடம் திரும்பியது. ஒரே ஊருக்குள் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. காலக்கெடு குத்தகைக்குத்தான் இருந்தது.

தென்னிந்தியாவுக்கும் இச்சொல் புதிதல்ல. 1800ஆம் ஆண்டில் ஐதராபாத் நிஜாம் பெல்லாரி, கடப்பா உள்ளிட்ட பகுதிகளை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஆங்கிலேயர் அவற்றுக்கு 'சீடட் மாவட்டங்கள்', அதாவது விட்டுக்கொடுக்கப்பட்ட மாவட்டங்கள், என்றே பெயர் வைத்தார்கள். 1928இல் 'ராயலசீமா' என்ற புதுப் பெயர் எழுந்தது. அப்படியிருந்தும் தெலுங்குத் திரைப்பட விநியோகத்தில் அந்தப் பகுதியை இன்னமும் 'சீடட்' என்றே சொல்கிறார்கள். புதுச்சேரியின் கதையும் இதில் சேரும். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிந்தது. உரிமை மாற்று ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானது. அது உறுதி செய்யப்பட்டுச் சட்டப்படி நிறைவு பெற்றது 1962இல். ஆட்சி போய் எட்டு ஆண்டுகள் கழித்தே உரிமை முறைப்படி போனது.

ஒரு தீவு, இரண்டு ஒப்பந்தங்கள்

இனி ஜொகூருக்கு வருவோம். 1819 பிப்ரவரி 6ஆம் தேதி சிங்கப்பூரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் ராபிள்ஸ். மறுபக்கம் ஜொகூர் சுல்தான் உசேன் ஷாவும் தெமெங்கோங் அப்துல் ரகுமானும். கம்பெனி அங்கே வாணிபக் களம் அமைத்துக்கொள்ள அவ்வொப்பந்தம் இடம் கொடுத்தது. அதற்கு ஈடாகச் சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், தெமெங்கோங்குக்கு 3,000. தீவு அப்போது கம்பெனிக்குச் சொந்தமாகவில்லை. ராபிள்ஸ் வந்து இறங்கிய அன்றே சிங்கப்பூர் ஆங்கிலேயருக்குப் போய்விட்டது என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல.

உரிமை போனது 1824 ஆகஸ்ட் 2ஆம் தேதி. ஆங்கிலேயத் தரப்பில் ஜான் கிராபர்ட் செய்துகொண்ட அந்த இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் 'சீடு' என்ற சொல் வருகிறது. சிங்கப்பூர்த் தீவும், அதைச் சுற்றிப் பத்து மைல் தொலைவுக்குள் இருக்கும் கடலும் சிறு தீவுகளும், முழு இறையாண்மையோடு கம்பெனிக்கு அளிக்கப்பட்டன. சுல்தானுக்கு 33,200 ஸ்பானிய டாலரும் மாதம் 1,300 டாலரும். தெமெங்கோங்குக்கு 26,800 டாலரும் மாதம் 700 டாலரும் பேசப்பட்டன. ஐந்தே ஆண்டு இடைவெளி. இடமும் அரசரும் மாறவில்லை, மாறியது வினைச்சொல். முதல் ஒப்பந்தத்தில் 'இருந்துகொள்ளலாம்' என்று இருந்தது, இரண்டாவதில் 'இனி உமக்கே' என்று ஆனது.

அந்தப் பத்து மைல் எல்லையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பத்து பூத்தே அதற்கு வெகு தொலைவுக்கு அப்பால் இருக்கிறது.

வெள்ளைப் பாறை

பத்து பூத்தே என்றால் மலாயில் வெள்ளைக் கல். போர்த்துகீசியர் இட்ட 'பெட்ரா பிராங்கா' என்ற பெயருக்கும் அதே பொருள்தான். கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெளுத்திருந்ததால் வந்த பெயர் அது. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல். ஜொகூர் கரைக்கு 7.7 கடல் மைல். சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலோடு சேரும் வாயிலில் அது நிற்கிறது. பல கப்பல்களை உடைத்த பாறை அது.

அந்த ஆபத்தைத் தவிர்க்கக் கலங்கரை விளக்கம் தேவைப்பட்டது. ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற கடல் வரைபட வல்லுநரின் நினைவாக வணிகர்கள் நிதி திரட்டியிருந்தார்கள். 1844 நவம்பரில் ஜொகூர் சுல்தானும் தெமெங்கோங்கும் ஆளுநர் பட்டர்வொர்த்துக்கு எழுதிய கடிதங்களில் கலங்கரை விளக்கம் கட்ட இசைவு தெரிவித்தார்கள். ஆனால், ஆளுநர் அவர்களுக்கு முதலில் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் கிடைக்கவில்லை. இசைவு எந்தப் பாறைக்கு, எந்த நிபந்தனையில் என்பது அதனால் தெளிவாகாமலே போனது. 1850இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜே.டி. தாம்சன் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் கட்டப்பட்ட விளக்கு 1851 அக்டோபரில் எரியத் தொடங்கியது. அன்று முதல் அதைப் பராமரித்து வந்தது சிங்கப்பூர் நிர்வாகம்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று மேற்குக் கரையில் உண்டு. பொந்தியானுக்கு எதிரே உள்ள பூலாவ் பீசாங் தீவிலும் சிங்கப்பூர் பராமரிக்கும் கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஆனால், அங்கே 1900 அக்டோபர் 6ஆம் தேதியிட்ட பத்திரம் ஒன்று ஜொகூரின் பத்திரப் பதிவேட்டில் இருக்கிறது. விளக்கு கட்டுவதற்காக ஒரு துண்டு நிலம், இன்னின்ன நிபந்தனைகளோடு வழங்கப்பட்டது என்று அது சொல்கிறது. தீவின் இறையாண்மை ஜொகூரிடமே இருந்தது. பூலாவ் பீசாங்கைப் பற்றி இதுவரை வழக்கு எழவில்லை. விளக்கைப் பராமரிப்பவர் ஒருவர், தீவுக்கு உரியவர் வேறொருவர் என்பது அந்த ஒரு பத்திரத்தால் தெளிவாக நிற்கிறது.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று

1953 ஜூன் 12ஆம் தேதி சிங்கப்பூர்க் காலனிச் செயலகத்திலிருந்து ஜொகூர் சுல்தானின் பிரிட்டிஷ் ஆலோசகருக்கு ஒரு கடிதம் போனது. காலனியின் கடல் எல்லையை வரையறுக்க அந்தப் பாறையின் நிலை தெரிய வேண்டியிருந்தது. கடிதம் எழுதியவர் கவனமானவர். 1824இல் விட்டுக்கொடுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே பாறை இருக்கிறது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். பூலாவ் பீசாங் பத்திரத்தையும் எடுத்துக்காட்டுகிறார். பிறகு கேட்கிறார்: இந்தப் பாறை குத்தகைக்கு விடப்பட்டதா? மானியமாக வழங்கப்பட்டதா? ஜொகூர் அரசு இதை சீடு செய்ததா? வேறு வகையில் கைமாற்றியதா? ஆவணம் ஏதேனும் உண்டா? கடிதத்தின் சாரம் இதுதான்.

கேள்வியில் நான்கு வினைகள் இருந்தன. நான்குமே, பாறை ஒரு காலத்தில் ஜொகூருக்குச் சொந்தமாக இருந்திருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டு கேட்கப்பட்டவை. இல்லாத உரிமையைக் குத்தகைக்கு விடவோ சீடு செய்யவோ முடியாது அல்லவா? கடிதம் ஜொகூர் மாநிலச் செயலாளருக்கு அனுப்பப்பட்டது. நிலம், சுரங்க ஆணையரையும் தலைமை நில அளவையாளரையும் கலந்து, பழைய ஏடுகளையும் பார்த்துப் பதில் எழுத வேண்டியிருக்கும் என்ற குறிப்பும் உடன் போனது.

செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் எம். சேத் பின் சாயிட் கையெழுத்திட்ட பதில் வந்தது. சிங்கப்பூரின் கடிதத்தைக் குறிப்பிட்டுவிட்டு, பெட்ரா பிராங்காவின் மீது ஜொகூர் அரசு உரிமை கோரவில்லை என்று தெரிவித்தது. அவ்வளவுதான். குத்தகை விட்டோம் என்றோ விடவில்லை என்றோ இல்லை. சீடு செய்தோம் என்றோ செய்யவில்லை என்றோ இல்லை. கேட்ட நான்கு வினைகளையும் விட்டுவிட்டு, ஐந்தாவதாக ஒரு வினை பதிலில் வந்தது: 'கோரவில்லை'.

ஏன் அப்படி எழுதப்பட்டது, எந்த ஏடுகளைப் பார்த்தார்கள் என்பதற்குக் கடிதத்தில் விளக்கம் இல்லை. அதன்பின் ஜொகூர் அதைத் திருத்தியும் எழுதவில்லை.

ஹேக் நகரில்

1979 டிசம்பரில் மலேசியா ஒரு புதிய வரைபடம் வெளியிட்டது. பத்து பூத்தே மலேசியக் கடலுக்குள் காட்டப்பட்டிருந்தது. 1980 பிப்ரவரி 14ஆம் தேதி சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2003 பிப்ரவரி 6ஆம் தேதி புத்ராஜெயாவில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு விவகாரத்தை அனைத்துலக நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. சண்டைக்குப் போகாமல் சட்டத்துக்குப் போனது இரு நாடுகளுக்கும் பெருமை சேர்த்த முடிவு. தீர்ப்பு 2008 மே 23ஆம் தேதி வந்தது.

அத்தீர்ப்பின் முதல் பாதி ஜொகூருக்குச் சாதகம். பத்து பூத்தே உரிமையாளர் இல்லாத பாறையாக இருந்தது, ஆகவே விளக்கு கட்டியபோதே அது எங்களுடையதாகிவிட்டது என்று சிங்கப்பூர் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் கடலில் வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள் ஜொகூர் சுல்தானுக்குக் கட்டுப்பட்டிருந்ததையும் பிற சான்றுகளையும் கொண்டு, பாறை தொடக்கத்தில் ஜொகூருக்கே உரியது என்று சொன்னது.

இரண்டாம் பாதி மாறியது. 1953க்குப் பிறகு இரு தரப்பும் எப்படி நடந்துகொண்டன என்று நீதிமன்றம் பார்த்தது. பாறையைச் சுற்றி நடந்த கப்பல் விபத்துகளைச் சிங்கப்பூர் விசாரித்தது. அங்கே செல்ல விரும்பிய மலேசிய அதிகாரிகளும் சிங்கப்பூரின் அனுமதி பெற வேண்டியிருந்தது. 1977இல் இராணுவத் தொடர்புக் கருவி அங்கே பொருத்தப்பட்டது. சிங்கப்பூர்க் கொடி பறந்தது. 1968இல் பூலாவ் பீசாங்கில் பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொன்ன மலேசியா, பத்து பூத்தேயில் பறந்த கொடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 1962க்கும் 1975க்கும் இடையில் மலாயா, மலேசிய நில அளவைத் துறை வெளியிட்ட சில வரைபடங்களில் பாறையின் அருகே சிங்கப்பூர் என்றே அச்சிடப்பட்டிருந்தது.

ஆக, 1980க்குள் இறையாண்மை சிங்கப்பூரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று 12 நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 4 பேர் மாறுபட்டார்கள். அருகிலுள்ள மிடில் ராக்ஸ் எனப்படும் பத்துவான் தெங்கா பாறைகள் மலேசியாவுக்கு என்று 15க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பானது. கடல் ஏறும்போது மூழ்கிவிடும் சவுத் லெட்ஜ், எந்த நாட்டின் கடல் எல்லைக்குள் வருகிறதோ அந்த நாட்டுக்கு என்று விடப்பட்டது.

இந்த இடத்தில் நேயர் ஒருவர் கேட்கலாம்: அப்படியானால், 1953 கடிதத்தின் மூலம் ஜொகூர் பாறையை சீடு செய்துவிட்டது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. இதுதான் இந்த வழக்கின் நுட்பம். அந்தப் பதில் ஒன்றே உரிமையை மாற்றிவிட்டது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தகவல் கேட்டார்கள், தகவல் சொன்னார்கள் என்றுதான் பார்த்தது. ஆனால், 1953இல் ஜொகூர் தன்னிடம் இறையாண்மை இல்லை என்றே கருதியது என்பதற்கு அதைப் பெரிய சான்றாக எடுத்துக்கொண்டது. 'உரிமை' என்று எழுதியது சொத்துரிமையைத்தான், இறையாண்மையை அல்ல என்று மலேசியா வாதாடியது. அப்படிப் பதில் எழுத மாநிலச் செயலாளருக்கு அதிகாரம் இல்லை என்றும் வாதாடியது. இரண்டு வாதங்களும் நிற்கவில்லை. கேள்வி இறையாண்மையைப் பற்றியது, எனவே பதிலும் அதைப் பற்றியதே என்பது நீதிமன்றத்தின் பார்வை.

ஆகவே, 'சீடு' என்பதற்கு வேண்டிய மூன்று கூறுகளை இங்கே பொருத்திப் பார்க்கலாம். கொடுக்க உரிமை இருந்ததா? இருந்தது. பெறுபவர் இருந்தாரா? இருந்தார். 'கொடுக்கிறேன்' என்ற சொல் வந்ததா? எந்த ஆண்டிலும் வரவில்லை. யாரும் தாரைவார்க்கவில்லை, நீர் விழவில்லை. ஆனாலும் பாறை கைமாறிவிட்டது. ஒரு பக்கம் செய்துகொண்டே இருந்ததும், மறுபக்கம் சொல்லாமல் இருந்ததும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிட்டன. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் பெரியவர்கள் சொன்னதை, ஹேக் நீதிபதிகள் சட்ட மொழியில் சொன்னார்கள்.

விவகாரம் அதோடு ஓயவில்லை. புதிய ஆவணங்கள் கிடைத்திருப்பதாகக் கூறி 2017இல் மலேசியா மறுஆய்வு கோரியது. 2018 மே மாதம் அந்த மனு மீட்டுக்கொள்ளப்பட்டது. இந்த விவகாரம் கையாளப்பட்ட விதத்தை ஆராய 2024இல் அரச விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. தீர்ப்பு மட்டும் மாறவில்லை. ஜொகூர் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வலைவீசிய கடலில், இன்று எல்லை பார்த்துப் படகு ஓட்ட வேண்டியிருக்கிறது.

கச்சத்தீவும் அதே கேள்வியும்

தமிழர்களுக்கு இந்த இடத்தில் கச்சத்தீவு நினைவுக்கு வராமல் இருக்காது. 1974 ஜூன் மாதம் இந்திராகாந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் 285 ஏக்கர் கொண்ட அத்தீவு இலங்கையின் பக்கம் போனது. அது 'தாரைவார்ப்பு' என்று தமிழ்நாட்டுத் தலைவர்கள் பேசினார்கள். இந்திய மத்திய அரசோ, இது சீடு செய்தது ஆகாது என்றே சொல்லி வந்திருக்கிறது. உரிமை முடிவாகாமல் இருந்த பகுதியில் எல்லைக்கோடு வரைந்தோம், அவ்வளவுதான் என்பது அதன் வாதம்.

வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றினாலும் இதில் சட்டம் அடங்கியிருக்கிறது. இந்தியாவின் நிலத்தை வேறு நாட்டுக்கு சீடு செய்ய வேண்டுமானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் 1960இல் இந்திய உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. 'சீடு' என்றால் நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் வேண்டும். 'எல்லை வரைதல்' என்றால் வேண்டாம். எந்த வினைச்சொல்லை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இராமேசுவரத்து மீனவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். நீதிமன்றத்துக்கு ஒன்றல்ல.

வீட்டு மேசைக்கு வரும் கடிதங்கள்

அரசர்களும் அரசுகளும் செய்வது இருக்கட்டும், சாதாரணக் குடும்பத்துக்கு இந்தச் சொல்லால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் உண்டு. தந்தை காலமான பிறகு, சொத்துப் பங்கீட்டுக்காக நில அலுவலகத்துக்கோ வழக்கறிஞரிடமோ போகும் குடும்பங்களில், 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்ற தாளில் அக்காளும் தங்கையும் கையெழுத்துப் போடுவது வழக்கமாக நடக்கிறது. அண்ணன் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அது. அந்தத் தாளில் இருக்கும் வினைச்சொல் என்ன? பங்கை அண்ணனுக்குக் கொடுத்துவிடுவதா? அண்ணன் பெயரில் பொறுப்பாக வைத்திருக்கச் சொல்வதா? இப்போதைக்குக் கேட்கவில்லை என்பதா? பேச்சில் மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். பதிவேட்டில் ஏறிய பிறகு மூன்றும் மூன்று திசையில் போகும்.

தோட்டம் விற்கப்படும்போது குடியிருப்பவர்களிடம் வரும் கடிதங்களும் அப்படித்தான். வீட்டைக் காலி செய்வதற்குச் சம்மதம் என்பது வேறு. இழப்பீடு எதுவும் கோரமாட்டேன் என்பது வேறு. இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்துக்கு மேல் வந்தால் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. நில அலுவலகப் படிவங்களில் வரும் 'செரா பாலிக்' என்ற மலாய்த் தொடர், நிலத்தை மாநில அரசிடம் திருப்பி ஒப்படைப்பதைக் குறிக்கும். அடகுக்கடைப் பலகையில் காணும் 'பாஜாக்' என்ற சொல், நில விவகாரத்தில் குத்தகையைக் குறிக்கும். ஒன்றில் உரிமை போகும், மற்றதில் தங்கும்.

எனவே, ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரு கடிதம் வந்தால் முதலில் அதன் வினைச்சொல்லைத் தேட வேண்டும். கொடுக்கிறேனா, வாடகைக்கு விடுகிறேனா, அனுமதிக்கிறேனா, கோரவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புரியவில்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. அடுத்தது, கேட்ட கேள்விக்கே பதில் எழுத வேண்டும். கைமாற்றியதற்கு ஆவணம் உண்டா என்று கேட்டால், 'உண்டு' அல்லது 'தேடியதில் இல்லை' என்பதே பதில். உரிமை கோருவதா வேண்டாமா என்பது வேறு கேள்வி. அதை யாரும் கேட்காதபோது நாமாகச் சொல்லத் தேவையில்லை. கடைசியாக, தம் இடத்தில் பிறர் தமது என்பதுபோல் நடந்துகொண்டால் காலம் தாழ்த்தாமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அண்டை வீட்டாரோடு பகை வேண்டாம் என்று சும்மா இருப்பது நல்ல குணம்தான். ஒரு சிறு கடிதம் அந்த நல்ல குணத்தைக் கெடுத்துவிடாது. பூலாவ் பீசாங்கில் கொடியை இறக்கச் சொன்னதால் இரு நாடுகளின் உறவு முறிந்துவிடவில்லை. விளக்கும் தொடர்ந்து எரிந்தது.

'சீடு' என்ற சொல்லை அன்றாடப் பேச்சில் பயன்படுத்தும் வாய்ப்பு பெரும்பாலோருக்கு வராமல் போகலாம். ஆனால், அதன் பொருளைத் தெரிந்து வைத்திருப்பவர், தமக்கு முன்னால் வைக்கப்படும் தாளைச் சற்று நிதானமாகப் படிப்பார். ஜொகூரின் இரண்டு கரைகளிலும் இரண்டு கலங்கரை விளக்கங்கள் இன்றும் எரிகின்றன. இரண்டையும் பராமரிப்பது சிங்கப்பூர்தான். ஒன்று ஜொகூர் மண்ணில் நிற்கிறது, மற்றது அப்படி இல்லை. மேற்கே 1900இல் எழுதி வைத்த ஒரு பத்திரம் இருந்தது. கிழக்கே அப்படி ஒன்று இல்லை.